முதல் பாட்டிலுக்கு என்ன அவசரம்?

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் கள், சாராயம், ஒயின், பீர் என்று தரம் பார்ப்பதில்லை. ஆல்கஹால் உள்ள எந்தப் பானத்தையும் உரிமமின்றி உண்டாக்கக் கூடாது என்கிறது. எனவே புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு இது செய்முறைக் குறிப்பு ஆகாது. ஆனால் இந்த மாவட்டத்து ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போகும் சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 18 வயது நிறைந்தவர், விற்காமல், காய்ச்சி இறக்காமல், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குப் பீர் ஊறவைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1963-இல் இதற்கான உரிமக் கட்டாயம் போயிற்று. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. இந்த நாடுகளில் யார் முதல் ஈடு பீரை ஊறவைத்தாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரே புலம்பல்தான் எழுகிறது: பச்சை ஆப்பிள் வாடை அடிக்கிறது, நுரையே இல்லை, கலங்கலாக இருக்கிறது, தொண்டையில் உறைப்பாக இறங்குகிறது, எங்கே தப்பு நடந்தது? பெரும்பாலும் எங்கும் தப்பு நடக்கவில்லை. குடிக்கும் நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

பீரின் தரத்தில் பாதி அடுப்படியில் முடிவாகிறது, மறுபாதியைக் காலம்தான் முடித்துவைக்கிறது என்பது என் வாதம். எந்த மால்ட், எந்த ஹாப்ஸ், எந்த ஈஸ்ட் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள்கூட, நொதித்து முடிந்த பிறகு வரும் காத்திருப்பை வேலையில்லாத இடைவெளியாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நாட்களில்தான் பானத்துக்குள் பாதி வேலை நடக்கிறது. அறுவடையான கையோடு குத்திய புது அரிசி குழைந்துபோகும் என்று தெரிந்த வீடுகளில், பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கொடுப்பதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. மதுவைப் பொறுத்தவரை மட்டும் இந்த அறிவு நம்மிடமிருந்து கழன்றுபோயிருக்கிறது. கழன்றது என்றுதான் சொல்கிறேன். இல்லாமல் இருந்தது என்று சொல்லவில்லை.

பெரும்பாணாற்றுப்படைக்குள் ஒரு பீர்க் குறிப்பு இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. (புதுக்கோட்டைத் தொண்டைமான்களை இங்கே இழுக்க வேண்டாம், அவர்கள் ஆட்சி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்குகிறது.) வலைஞர் குடியிருப்புக்கு வந்து சேரும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், புலவர் செய்முறையை வரிசை பிசகாமல் அடுக்குகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாய் அகன்ற கலத்தில் அதை ஊற்றி நன்றாக ஆறவிடுகிறார்கள். கறையான் புற்றுக்குள் காணும் கூட்டைப் போல் தோற்றமளிக்கும் ஓர் அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. உறுதியான வாயுடைய சாடியில் இளமை நீங்கும் அளவுக்கு அது விளைகிறது. பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். அந்த அடை, முளைத்த தானியத்தை இடித்துச் செய்தது என்பது உரைவழி வந்த விளக்கம். அது சரியென்றால் நம் கையில் இருப்பது பீரேதான். முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் சுரக்கின்றன. பார்லியை முளைக்கவைத்து மால்ட் ஆக்குவதும் இதற்காகத்தான். களியை ஆறவிட்ட பிறகே அடையைக் கலப்பதும் கணக்கான செயல். கொதிக்கும் களியில் போட்டால் நொதியும் செத்துவிடும், ஈஸ்ட்டும் செத்துவிடும்.

இந்தக் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது செய்முறையை விட, முடிந்துவிட்டது என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல். போதை ஏறியதா என்பது அங்கே கேள்வியில்லை. பச்சை மணம், அந்த இளமை போயிற்றா என்பதே கேள்வி. இன்று முதல் ஈட்டைத் திறந்து பார்த்து முகம் சுளிக்கிறவரிடம் அனுபவசாலிகள் கேட்பதும் அதைத்தான்.

புதுக்கோட்டைக்கு இன்னும் நெருக்கமான சான்றைக் கபிலர் தருகிறார். பொன்னமராவதியிலிருந்து தென்மேற்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் பிரான்மலை. பாரியின் பறம்பு அதுவே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. புறநானூற்றின் 120-ஆம் பாட்டில் அந்த மலைநாட்டின் தினையையும் வரகையும் அவரையையும் வரிசையாகச் சொல்லிவரும் கபிலர், மண்ணுக்குள் புதைத்து முதிரவைத்த மதுத் தெளிவைப் புல் வேய்ந்த குடிசைதோறும் பகிர்ந்த வாழ்க்கையையும் சொல்கிறார். அரண்மனை விருந்து அல்ல. தினை விளைவிக்கும் குடியானவர் வீடு. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கில் குழாயில் நெடுநாள் வைத்து விளைவித்த தேன் மதுவைக் குறவர்களோடு சேர்த்துப் பேசுகின்றன. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ இறக்கும் கள்ளை இப்படி வைக்க முடியாது; அது காலையில் இனித்து, மாலையில் புளித்து, மறுநாள் காடியாகத் திரும்பத் தொடங்கிவிடும். தேனைக் கரைத்து நொதிக்கவைத்த மது அதற்கு நேர் எதிர். ஈஸ்ட்டுக்குத் தேவையான தழைச்சத்து தேனில் மிகக் குறைவு என்பதால் அது மெதுவாக நொதிக்கும். புதிதில் கரகரவென்றிருந்து மாதக்கணக்கில்தான் உருண்டு திரளும். கள்ளை உடனே குடித்தார்கள், தேன் மதுவையும் அரிசி மதுவையும் விளையவிட்டார்கள் என்று பாட்டுகள் பிரித்துக் காட்டுவது வேதியியலோடு பொருந்திப்போகிறது.

தோப்பி என்ற நெல் மதுவை வீட்டிலேயே சமைத்தார்கள். நடுகல்லுக்குப் படைத்தார்கள் என்று அகநானூற்றின் 35-ஆம் பாட்டு காட்டுகிறது. புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்திருக்கிறது. 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. அந்தக் கல்லுக்குத் தோப்பி வார்த்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் பாட்டுகள் பேசும் உலகம் இந்த மண்ணுக்கு அந்நியமானது அல்ல என்பது மட்டும் போதும்.

பாட்டைச் சான்றாக வைப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மது முதிர்ந்தது என்பது புகழ்ச்சிக்காகச் சேர்த்த அடைமொழியாக இருக்கலாம். ஔவையார் புறநானூற்றின் 392-ஆம் பாட்டில் நாள்பட்ட மதுவைத் தேள் கடுப்புக்கு ஒப்பிடுவதை வைத்து, அவர்களும் நம்மைப் போலக் காரத்தைத்தான் தேடினார்கள் என்றும் வாதிடலாம். பெரும்பாணாற்றுப்படையின் சாடிக்குள் நடந்ததும் அந்த இரண்டு நாளுக்குள் அடக்கம் என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஆனால் கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கொண்டாலும் அளவுகோல் மாறவில்லை: நாள் எத்தனை ஆனாலும் இளமை நீங்க வேண்டும். அரிசி மதுவுக்கு, அந்த வெப்பத்தில், அதற்குச் சில நாளே போதுமாகவும் இருக்கும். தேள் கடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாய் அடைத்த மூங்கிலுக்குள் நொதிக்கும் பானத்தில் கரியமில வாயு கரைந்தே தீரும். நாக்கில் சுருக்கென்று குத்தும் அந்த உணர்வைப் போதை என்று மட்டும் படிப்பது நம் காலத்துப் பழக்கம்.

சரி, அந்த இளமை என்பது என்ன? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது கதைச் சுருக்கம். சர்க்கரை ஆல்கஹால் ஆவதற்கு ஒரு படி முன்னால் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உண்டாகிறது; பச்சை ஆப்பிளின் வாடை இதனுடையது. நொதித்தல் மும்முரமாக இருக்கும்போது இது ஈஸ்ட்டிலிருந்து வெளியே கசிந்து பானத்தில் தங்குகிறது. சர்க்கரை தீர்ந்து பசி எடுத்த ஈஸ்ட், சிந்தியதைத் திரும்பப் பொறுக்கித் தின்னும், வாடை மறையும். வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைல் இன்னும் சிக்கலானது. ஈஸ்ட் அதை நேரடியாக உண்டாக்குவதில்லை. மணமில்லாத ஒரு முன்பொருளை வெளியே விடுகிறது, அது பானத்துக்குள் தானாகவே மெல்ல டையசெட்டைலாக மாறுகிறது, பிறகுதான் ஈஸ்ட் அதை உள்ளே இழுத்துச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே ஈஸ்ட்டை அவசரப்பட்டு வடிகட்டிவிட்டால் அன்றைக்குச் சுத்தமாக ருசிக்கும் பீர், ஒரு வாரம் கழித்து வெண்ணெய் வாடையோடு நிற்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும் பொருள் இது. அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை ஈஸ்ட்டின் இன்னொரு கைவரிசை. வாயுவோடு சேர்ந்து வெளியேற அதற்கும் நாள் வேண்டும். கலங்கல், மிதக்கும் ஈஸ்ட்டும், புரதமும் ஹாப்ஸின் துவர்ப்புப் பொருளும் ஒட்டிக்கொண்ட துணுக்குகளும்தான். குளிரவைத்தால் இவை அடிமண்டியாக இறங்கும். ஜெர்மானியர்கள் லாகர் பீரைப் பனிக்கட்டி வைத்த நிலவறைகளில் மாதக்கணக்கில் கிடத்தியது இதற்காகவே. கார்ல் வான் லிண்டெ 1870-களில் மியூனிக்கில் ஸ்பாட்டன் மதுவாலைக்குக் குளிரூட்டும் இயந்திரம் செய்துகொடுத்த பிறகுதான் அவர்களுக்குப் பனிக்கட்டித் தேவை விட்டது.

நுரைக்கு வருவோம். திறந்த கலத்திலோ காற்றுப்போக்கி வைத்த கலத்திலோ நொதித்த பீரில் வாயு பெரும்பாலும் ஓடிப்போயிருக்கும். வீட்டில் செய்பவர்கள் பாட்டிலில் அடைக்கும்போது சிறிது சர்க்கரை சேர்த்து மூடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று உண்டாக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் பானத்திலேயே கரைகிறது. 20 லிட்டருக்கு ஏறத்தாழ 130 கிராம் சர்க்கரை என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. ஒரு கிராம் சர்க்கரை அரைக் கிராம் அளவுக்குக் கரியமில வாயு தரும். கடையில் வாங்கும் பீரில் லிட்டருக்கு ஐந்து கிராம் அளவில் அந்த வாயு இருக்கும். நொதித்த பீரில் ஏற்கெனவே தங்கியிருப்பதையும் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். ஆபத்து இருப்பதும் இங்கேதான். நொதித்தல் முடியாமலே அடைத்துவிட்டால், மிச்சமிருந்த சர்க்கரையும் புதிதாகச் சேர்த்த சர்க்கரையும் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றி, கண்ணாடிப் பாட்டிலை வெடிக்கவைக்கும். இதைத் தடுக்க ஒரே வழி, பானத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஊறவைக்கும் நாளில் 1.045, 1.050 என்று காட்டும் மானி 1.010 பக்கம் இறங்கி, மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் மூடிபோடலாம். அவசரக்காரரின் பீர் சுவையில் மட்டும் தோற்பதில்லை. கண்ணையும் கையையும் பதம் பார்க்கும்.

ருசி பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பனிக்கட்டி போலக் குளிர்ந்த பீரில் குறை தெரியாது; நாக்கு மரத்துவிடும், மணம் எழாது. ‘கூலிங் இருந்தா போதும்’ என்று கடையில் கேட்பவர் தெரியாமலே ஒரு தர நிர்ணயத்தைச் செய்கிறார்: எதையும் ருசிக்கவேண்டாம் என்பதே அது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்து, 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை ஏறவிட்டு, அடிமண்டி கலங்காமல் ஒரே சாய்வில் கண்ணாடிக் கோப்பைக்கு மாற்றி, முதலில் முகர வேண்டும். வாயில் வைத்தபின் மணத்தைத் தேடினால் பாதி போயிருக்கும். குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது முக்கியம்: காலம் தீர்ப்பவை, காலம் தீர்க்காதவை. பச்சை ஆப்பிள், வெண்ணெய், கந்தகம், கலங்கல், நுரையின்மை முதல் வகை. நனைந்த அட்டைப் பெட்டி வாடை வந்தால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது. நாளாக நாளாக அது கூடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து குமட்டும் நாற்றம் தரும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் வருவது அலங்காரத்துக்கு அல்ல. கேட்காத புளிப்பு கிருமியின் வேலை. நெற்றியை இறுக்கும் அந்தக் காட்டமான ஆல்கஹால் பெரும்பாலும் வெப்பத்தில் தறிகெட்டு ஓடிய நொதித்தலின் விளைவு. காத்திருந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாரத்தில் இரண்டாம் வகைக் குறையை முதல் வகையாக நினைத்து நம்பிக்கையோடு காத்திருப்பவரும், முதல் வகையை இரண்டாம் வகையாக நினைத்து 20 லிட்டரைச் சாக்கடையில் கொட்டுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

வெப்பம் என்றதும் வலுவான மறுப்பு ஒன்று வந்து நிற்கும். இதெல்லாம் குளிர்நாட்டுக்காரர் பேச்சு. சித்திரையில் 38, 40 டிகிரி காயும் புதுக்கோட்டைச் சீமையில் முதிர்வாவது ஒன்றாவது, ஊறப்போட்டது அன்றே கெட்டுவிடும் என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால்தான் மதுவாலையைக் கசௌலிக்கும் நீலகிரிக்கும் கொண்டுபோனார்கள். ஏல் வகை ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரியில்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதும் மெய். ஆனாலும் மறுப்பு பாதிதான் சரி. வெப்பம் கெடுப்பது முதல் மூன்று நாளின் கொதிப்பை. அதன் பின் வரும் பக்குவத்தை அது விரைவுபடுத்தவே செய்கிறது. லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் மதுவாலை தயாரித்த ஹாப்ஸ் மிகுந்த பீர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மரப் பீப்பாயில் அடைபட்டு, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் கடலில் உருண்டு சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து இறங்கியபோது, ஊரில் ஆண்டுக்கணக்கில் நிலவறையில் கிடந்ததைப் போன்ற தெளிவோடும் முதிர்ச்சியோடும் இருந்தது. அந்தச் சந்தையைப் பிடிக்கத்தான் 1822-இல் பர்ட்டன் நகரின் ஆல்சாப் அதேபோன்ற பீரைத் தயாரித்தார். இந்தியா பேல் ஏல் என்று உலகம் இன்று கொண்டாடும் வகை, வெப்பத்தில் முதிர்ந்த பீரின் வாரிசு. பெல்ஜியத்தின் சைசான் ஈஸ்ட்டுகள் 30 டிகிரியைத் தாண்டியும் ஒழுங்காக வேலை செய்கின்றன. நார்வேயின் பண்ணை வீடுகளில் பாதுகாக்கப்பட்ட க்வைக் ஈஸ்ட் 35 முதல் 40 டிகிரியில்கூடச் சுத்தமாக நொதிக்கிறது. பனிப்பாறை நாட்டு ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளுக்கு இது நல்ல செய்தி.

கபிலர் சொன்ன புதைப்பையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மண்ணை ஆழமாகத் தோண்டினால் குளிர் கிடைத்துவிடாது. சில அடிக்குக் கீழே பகலும் இரவும் தெரியாது. இன்னும் ஆழத்தில் கோடையும் மாரியும்கூட மங்கி, ஓர் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டிய நிலை நிற்கும். புதுக்கோட்டைப் பக்கம் அது 28, 29 டிகிரி அளவில் இருக்கும். ஏல் ஈஸ்ட்டுக்கு இது சற்று அதிகம். ஆனால் முதிரும் பானத்துக்குக் குளிரை விடவும் நிலைத்தன்மை முக்கியம். பகலில் 38-க்கு ஏறி இரவில் 26-க்கு இறங்கும் ஓட்டுவீட்டு மூலையை விட, ஆடாத 28 மேல். வெளிச்சமும் படாது, காற்றும் புகாது. வெப்பமானி இல்லாத மக்கள் பழக்கத்தால் கண்டடைந்த வழி இது; வெப்பநாட்டில் மதுவை விளைவிக்க முடியாது என்ற மறுப்புக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பதிலும் இதுவே.

அப்படியானால் இந்த அறிவு எங்கே போயிற்று? வெயில் அதைக் கொல்லவில்லை. பயமும் அவசரமும் கொன்றன என்பது என் எண்ணம். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. அதே 1948-இல்தான் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1971-இல் விலக்கு தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. இந்த ஏற்ற இறக்கங்களின் சரி தவறு வேறு விவாதம். செய்பவரின் பக்கம் நின்று பார்த்தால் விளைவு ஒன்றுதான். முதிரவைக்க இடம் வேண்டும், நாள் வேண்டும், யாரும் வந்து கலத்தை உடைக்கமாட்டார்கள் என்ற உறுதி வேண்டும். மறைவில் செய்பவருக்கு இவை மூன்றும் இல்லை. காவல்துறை அழித்ததாகச் செய்தியில் வரும் சாராய ஊறலில் வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் இருக்கும். அதை ருசித்துப் பார்க்க யாரும் ஊறவைப்பதில்லை, எவ்வளவு சீக்கிரம் புளிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் காய்ச்சி இறக்கிக் கைமாற்றுவதே நோக்கம். அடுத்த கட்டத்தில் ஊறலே தேவையில்லை என்றாகிவிடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது நொதித்தலில் விளைந்த எதுவும் அல்ல, தொழிற்சாலைக்கான மெத்தனால். தானியத்தை நொதிக்கவைத்த பீரில் அந்த அளவு மெத்தனால் உண்டாக வழியே கிடையாது. காத்திருப்பைச் சுருக்கிக்கொண்டே போனால் அதன் கடைசிப் புள்ளி அந்தப் பாக்கெட் சாராயம்தான்.

சட்டபூர்வக் கடையும் இந்த வரிசையில் தள்ளி நிற்கவில்லை. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் 2003-இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. அங்கே பீர் வாங்குபவர் விலைக்கு எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார். இந்தியா முழுக்கவே பீர் விற்பனையில் ஸ்ட்ராங் வகை ஓங்கி நிற்பதற்குக் காரணம் இதே கணக்கு. அந்தப் பீர் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. உயிருள்ள ஈஸ்ட் அதில் இல்லை. எனவே வைத்திருந்தால் அது முதிராது, பழசாகத்தான் ஆகும். வெயிலில் நின்ற லாரியிலும் தகரக் கூரைக் கிடங்கிலும் இன்னும் சீக்கிரம் பழசாகும். பீர் என்றால் இதுதான் என்று பழகிய நாக்குக்குப் பக்குவம் என்ற சொல்லே பொருளற்றதாகப் படுவதில் வியப்பில்லை.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கடையை மூடச்சொல்லிப் பெண்கள் தெருவில் உட்காரும் மாநிலத்தில், பீரின் மணம் குணம் பேசுவது குடியை அழகுபடுத்துவது ஆகாதா? எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது; பக்குவமான பீரில் இருக்கும் ஆல்கஹாலும் ஆல்கஹால்தான், முதிர்வு அதைக் குறைப்பதில்லை. குடிக்காதவர் குடிக்கத் தொடங்க இதில் ஒரு காரணமும் கிடையாது. ஆனால் ருசி பேசுவதுதான் குடியை வளர்க்கிறது என்பதற்கு நம் ஊரே எதிர்ச்சாட்சி. ருசியைப் பற்றி யாரும் பேசாத இடத்தில்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குவார்ட்டர் உள்ளே போகிறது. அசாமின் திமாசா மக்கள் வீட்டில் அரிசியில் ஊறவைக்கும் ஜூடிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சடங்கு, விருந்து, நாள், கை என்று நான்கு வேலிக்குள் வைத்து வளர்த்த சமூகம் அது. அதைப் பார்த்து இங்கே சட்டத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை. குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்தால் அப்படிக் கேட்க வாயும் வராது. வேகமும் காரமும்தான் மது என்ற இன்றைய புரிதல் தமிழரின் இயல்பு என்று சொல்லப்படுவதைத்தான் மறுக்கிறேன்.

முதிர்வுக்கும் எல்லை உண்டு. எல்லாப் பீரும் வைக்க வைக்க ஏறுவதில்லை. ஹாப்ஸ் மணத்தை நம்பிய வெளிர் பீர் சில வாரங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த மணம்தான் முதலில் போகும். கருத்த, ஆல்கஹால் மிகுந்த ஸ்டவுட் வகைகள் ஓராண்டையும் தாங்கும். கோதுமை பீரை இளமையிலேயே குடிப்பார்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்பதால், சிங்கப்பூரின் 30 டிகிரி அறையில் பாட்டிலுக்குள் நுரை ஒரு வாரத்தில் வந்துவிடும். பழசாவதும் அதே வேகத்தில்தான். சட்டம் இடம்தரும் ஊரில் முதல் ஈட்டைச் செய்தவருக்கு ஏற்ற வழி, பாட்டிலில் அடைத்த முதல் வார முடிவில் ஒன்று, மூன்றாம் வாரம் ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று என்று திறந்து, ஒவ்வொரு முறையும் மணம், நுரை, கசப்பு, பின்சுவை நான்கையும் தேதியிட்டு எழுதிவைப்பது. முதல் பாட்டில் தீர்ப்புக்கு அல்ல, ஒப்பிடுவதற்கு. மூன்றாவதற்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரியாத வாரத்தில், மிச்சமிருப்பதை மொத்தமாகக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடலாம். ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பீராக இருந்தால் அதற்கும் இரண்டு வாரம் முன்னாலேயே மாற்றுவது நல்லது.